தடி எதற்கு என்று பிள்ளை கேட்கட்டும்

போன மே லீவில் ஊருக்குப் போயிருந்தோம். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம் எங்கள் ஊர். விபிஎஸ் என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளியின் நிறைவு நாளில் என் மகள், கர்த்தரை மேய்ப்பராகப் பாடுகிற 23ஆம் சங்கீதத்தை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்து டிபன் பாக்ஸ் பரிசு வாங்கினாள். எட்டு வயது. சென்னையில் ஆங்கில மீடியத்தில் படிக்கிற பிள்ளை, 'நான் தாழ்ச்சியடையேன்', 'அமர்ந்த தண்ணீர்கள் அண்டையில்' என்று கணீரென்று சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டாள்: "அம்மா, தடின்னா அடிக்கிற கம்புதானே? அது எப்படித் தேத்தும்?"

'உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்.' நினைவு தெரிந்த நாளிலிருந்து சொல்லிவருகிற வரி. எனக்கு அந்தக் கேள்வி ஒரு நாளும் வந்ததில்லை. கர்த்தர் நம்மைச் சிட்சிப்பதும் அன்பினால்தான் என்று விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். கூட நடந்து வந்த என் அம்மா, "நாளைக்குக் காலைல கிடைக்குக் கூட்டிட்டுப் போ, அவளே பாத்துக்கிடட்டும்" என்றார்கள்.

ஊருக்கு வெளியே அறுவடை முடிந்த வயலில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். ஆடுகளை மேய்ச்சலுக்குக் கிளப்பும் நேரத்துக்குப் போய்விட்டோம். ஆட்டுக்காரத் தாத்தாவின் கையில் ஒரு கம்பு, தோளில் நீளமான தொரட்டி. ஒரு மணி நேரம் பின்னாலேயே நடந்தோம். ரோட்டோரம் இரண்டு நாய்கள் வந்தன, கம்பை ஓங்கித் தரையில் ஒரு தட்டுத் தட்டினார், ஓடிவிட்டன. கொஞ்ச தூரம் போனதும் ஓர் உடை மரம். தொரட்டியை மாட்டிக் கிளையை வளைத்து உலுக்கினார், நெற்று பொலபொலவென்று கொட்டியது. தொரட்டி மேலே போன உடனேயே அத்தனை ஆடுகளும் திரும்பி அந்த மரத்தடிக்கு ஓடி வந்தன. கம்பு அவ்வளவு நேரத்தில் ஓர் ஆட்டின் மேலும் படவில்லை.

"கம்பைப் பாத்து ஆடு பயப்படலம்மா, ஓடி வருது" என்றாள். அதற்கு மேல் நான் விளக்க ஒன்றும் இருக்கவில்லை.

இந்தச் சங்கீதத்தைப் பாடிய தாவீது மேய்த்தது யூதேயா மலைநாட்டில், அவர் கையில் இருந்தது நம் ஊர்த் தொரட்டி இல்லை. எபிரேய மூலத்தில் கோலுக்கும் தடிக்கும் வேறு வேறு சொற்கள். அதில் இரண்டாவது சொல்லுக்கு, ஊன்றிச் சாய்ந்துகொள்ள உதவுவது என்று பொருள். இதை அன்று ராத்திரி அவளிடம் சொன்னேன், உடனே பிடித்துக்கொண்டாள். முந்தின நாள் சொல்லியிருந்தால் அது இன்னொரு மனப்பாடமாகத்தான் போயிருக்கும்.

வேத வசனத்தின் உட்பொருளைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று சபையில் பேசாத நாள் இல்லை. என் மனசில் இருப்பதைச் சொல்கிறேன். நாம் பொருளை முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறோம். கேள்வி பிறப்பதற்கு முன்பே பதிலை ஊட்டிவிடுகிறோம். முதலில் பிள்ளையோடு சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டும், அந்தச் செயல் கேள்வியைக் கொண்டுவரும், பொருள் அதற்குப் பிறகு வந்தால் போதும்.

இது நானாகக் கண்டுபிடித்தது இல்லை, வேதமே இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறது. யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தில், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து இஸ்ரவேலர் விடுபட்டதை நினைக்கிற பஸ்கா பண்டிகையைப் பற்றிய கட்டளையைப் பாருங்கள். ஆட்டுக்குட்டி, புளிப்பில்லா அப்பம், கசப்பான கீரை என்று எல்லாம் வீட்டுக்குள், குடும்பத்தோடு செய்கிற காரியங்கள். அதற்கு அப்புறம்தான் வருகிறது: 'அப்பொழுது உங்கள் பிள்ளைகள்: இந்த ஆராதனையின் கருத்து என்ன என்று உங்களைக் கேட்டால்'. பிள்ளை கேட்கும், அப்போது சொல் என்கிறது. யோசுவா 4இலும் அதேதான். யோர்தான் நதியின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துக் கரையில் நாட்டச் சொல்கிறார் கர்த்தர். பின்னால் பிள்ளைகள் 'இந்தக் கற்கள் ஏதென்று' கேட்பார்கள், அப்போது யோர்தான் பிரிந்த கதையைச் சொல்லுங்கள். யூதக் குடும்பங்களில் இன்றைக்கும் பஸ்கா ராத்திரியில் வீட்டின் கடைசிப் பிள்ளைதான் கேள்விகளைக் கேட்கும். இந்த ராத்திரி மற்ற ராத்திரிகளைப் போல் இல்லையே, ஏன் என்று அந்தக் கேள்வி தொடங்கும். கசப்புக் கீரை கண்முன்னே மேசையில் இருக்கும்போதே அடிமைத்தனத்தின் கதையைக் கேட்கிறது அந்தப் பிள்ளை.

நானும் தப்பாகத்தான் ஆரம்பித்தேன். மகனுக்கு ஆறு வயதானபோது ராத்திரிக் குடும்ப ஜெபத்தை ஒரு வகுப்பாக மாற்றிவிட்டேன். ஓர் அதிகாரம் வாசிப்பேன், கேள்வி கேட்பேன், இதன் ஆவிக்குரிய அர்த்தம் என்ன என்று நானே சொல்வேன், அதை அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒன்பது வயது வரும்போது எட்டரை மணியானால் அவனுக்குத் தலைவலி வந்தது. பொய்த் தலைவலி இல்லை. பிள்ளை நிஜமாகவே நெற்றியைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவான். ஆண்டவருடைய வார்த்தை என் பிள்ளைக்குத் தலைவலியாக இருக்கிறதே என்று அன்று நான் அழுதேன். அதற்கு அப்புறம் ஆறு மாதம் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டோம். ஒரு பாட்டு, ஒரு சின்னப் பகுதி, கர்த்தருடைய ஜெபம், அவ்வளவுதான்.

அந்த நாட்களில்தான் பிடி அரிசி எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

என் ஆச்சி காலத்தில் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இருந்த வழக்கம் இது. உலையில் அரிசி போடும் முன்பு, அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அடுப்படியில் இருக்கிற ஒரு கலயத்தில் போடுவார்கள். வார முடிவில் அது கோயிலுக்குப் போகும், காணிக்கையாக. மிசோரத்திலும் 'புஃபாய் தாம்' என்று இதே வழக்கம் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. அங்கே சபை ஊழியத்தில் பெரும்பங்கு பெண்கள் எடுத்துவைத்த அந்த அரிசியால் நடந்திருக்கிறது. சென்னைக்கு வந்து குக்கரும் டம்ளர் அளவுமாக ஆனபோது என் வீட்டில் இது நின்றுபோனது. காசாகக் கொடுத்தால் போதாதா என்று நினைத்தேன். ஆன்லைனில் கொடுத்துவிடுவேன். என் பிள்ளைகள் நாங்கள் கொடுப்பதைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

அம்மா எங்களோடு வந்து தங்கியிருந்தபோது ஒரு பழைய பால்மாவு டப்பாவை அடுப்படியில் வைத்தார்கள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மகளைக் கூப்பிட்டு, "உன் கையால ஒரு பிடி போடு" என்று மட்டும் சொல்வார்கள். பத்து நாள் போனது. ஒரு நாள் அரிசி கொஞ்சம்தான் இருந்தது, மகன் பார்த்துவிட்டு, "ஆச்சி, இன்னைக்கு முதல்ல நமக்கு எடுத்துட்டு மீதியைப் போடலாமே" என்றான். அம்மா, "மீதின்னா அது மீதிதானல?" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டார்கள். அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

அந்த வாரம் ஜெபத்தில் 1 இராஜாக்கள் 17 வாசித்தோம். சாறிபாத் ஊர் விதவையிடம் பானையில் ஒரு பிடி மாவுதான் இருக்கிறது. அதைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு மகனோடு சாக இருக்கிறாள். எலியா தீர்க்கதரிசி வந்து, முதலில் எனக்கு ஒரு சின்ன அடை பண்ணிக் கொண்டுவா என்கிறார். வாசித்துக்கொண்டிருந்தபோதே மகன் தலையைத் தூக்கினான். "ஒரு பிடியா? நம்ம போடுறோமே அந்தப் பிடியா?" அப்புறம் அவனாகவே, "முதல்ல அவருக்குன்னு கேட்டிருக்காரு" என்றான். முதற்பலன், விசுவாசம், சுயத்தை ஒப்புக்கொடுத்தல் என்று நான் மூன்று வருஷம் சொல்லிப் பார்த்த எல்லாமே அந்த ஒரு பிடிக்குள் இருந்தது. உள்ளங்கை தெரிந்துவைத்திருந்ததை அன்றைக்குக் காது கேட்டது.

மாவு விஷயமும் இப்படித்தான், ஆனால் சுருக்கமாகச் சொல்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் இட்லிக்கு ஆட்டினால் உப்புப் போட்டுக் கரைப்பது மகளின் வேலை. குளிர் நாளில் பழைய மாவு ஒரு கரண்டி சேர்ப்போம். ராத்திரி மூடிவைத்தது காலையில் பாத்திரம் தளும்ப நிற்கும். 'பரலோகராஜ்யம் புளித்தமாவுக்கு ஒப்பாயிருக்கிறது' என்ற வசனத்தை அவளிடம் முதல்முறை வாசித்தபோது, 'அடக்கிவைத்தாள்' என்ற சொல்லில் நின்றுவிட்டாள். "நாமளும் மூடித்தானே வைக்கிறோம், ராத்திரி என்ன நடக்குதுன்னு யாரும் பாக்க முடியாதே" என்றாள். ஆண்டவர் ஒரு ஸ்திரீயின் சமையல் வேலையை எடுத்துப் பரலோகராஜ்யத்துக்கு ஒப்பாகச் சொன்னாரே, அது எனக்கு எப்போதும் பெரிய ஆறுதல்.

எல்லாம் இப்படி அழகாக அமையும் என்று நினைத்துவிடாதீர்கள். கடுகு விதைத்தோம், மொட்டை மாடித் தொட்டியில். முளைத்தது, இடுப்பளவு வந்தது, மஞ்சள் பூ பூத்தது, காய்ந்தது. ஒரு குருவியும் வரவில்லை. ஆகாயத்துப் பறவைகள் அதன் கிளைகளில் வந்து அடையும் என்று சொல்லியிருக்கிறதே என்று மகன் கேட்டான். அந்த நாட்டுக் கருங்கடுகு ஆளுயரத்துக்கு மேலும் வளரும், நம் தொட்டியில் அது முடியாது என்று உள்ளதைச் சொன்னோம். அவனுக்கு முழுத் திருப்தி இல்லை. எங்களுக்கு ஒரு பாடம் தேவைப்பட்டதற்காகச் செடியைப் பற்றி அவனிடம் பொய் சொல்ல முடியாது. அதை அப்படியே விட்டுவிட்டோம்.

பெற்றோரிடம் ஒன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் ஆவிக்குரிய அர்த்தம் ஒட்டாதீர்கள். பெரியவர்களுக்கே இந்த ஆசை உண்டு. வழியில் அடிபட்டுக் கிடந்தவனை ஒரு சமாரியன் தூக்கிப்போய், சத்திரக்காரனிடம் காசு கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்கிற நல்ல சமாரியன் உவமை லூக்கா 10இல் இருக்கிறது. அதற்கு ஆதிச்சபைப் பிதாவான அகஸ்டின் சொன்ன விளக்கத்தில் குற்றுயிராய்க் கிடந்தவன் ஆதாம், சமாரியன் கிறிஸ்து, சத்திரம் சபை, சத்திரக்காரன் பவுல். ஆயிரம் வருஷத்துக்குப் பின் வந்த சபைச் சீர்திருத்தக்காரர் கால்வின் அதை ஏற்கவில்லை. அகஸ்டினின் பக்தியை நான் மதிக்கிறேன், அந்த விளக்கத்தில் ஒரு ஆழமும் இருக்கிறது. ஆனால் பத்து வயதுப் பிள்ளையிடம் அந்தப் பட்டியலைக் கொடுத்தால், வழியில் அடிபட்டுக் கிடந்தவன் ஓர் ஆள் என்பதே மறந்துபோகும். எங்கள் தெருமுனையில் விழுந்து கிடந்த ஒரு பெரியவரைத் தூக்கி உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஆட்டோ பிடித்து அனுப்பினோம். பிள்ளைகள் இருவரும் கூட இருந்தார்கள். அன்று ராத்திரி லூக்கா 10ஐ வாசித்தோம், ஒரு விளக்கமும் சொல்லவில்லை. "ஆட்டோக்காரருக்கு அப்பா காசு கொடுத்தாங்கல்ல, அதுதான் சத்திரக்காரனுக்குக் கொடுத்தது" என்றாள் மகள்.

மனப்பாடம் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மனப்பாடம் வேண்டும், இன்னும் நிறைய வேண்டும். நம் கையில் இருக்கிற மொழிபெயர்ப்பு 19ஆம் நூற்றாண்டுத் தமிழ். பிள்ளைக்கு அந்தச் சொற்கள் இப்போது புரியாவிட்டாலும் ஓசையாக உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். தடியைப் பற்றி அவள் கேட்டதே அந்த வரி அவளுக்கு மனப்பாடமாக இருந்ததால்தான். எனக்கு வருத்தம் பரிசோடு அது முடிந்துபோவதில்தான். டிபன் பாக்ஸ் கையில் வந்ததும் வசனத்தின் வேலை முடிந்துவிட்டதாக நாம் காட்டிவிடுகிறோம்.

அப்புறம், எல்லாவற்றையும் ஞாயிறு பள்ளியின் தலையில் கட்டுவது. 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளி தொடங்கியபோது, வாரம் முழுக்க வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் வாசிப்பும் கற்றுக்கொடுக்க அந்த ஒரு நாள்தான் கிடைத்தது. வீடு செய்ய வேண்டியதை அது செய்ய முடியாது. உபாகமம் 6 எங்கே போதிக்கச் சொல்கிறது? 'நீ உன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும்.' வீடு, வழி, படுக்கை. அந்த ஒரு மணி நேரம் வருகிற ஆசிரியருக்கு இதில் எதுவும் கிடையாது.

இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்கிறார்கள். எனக்கும் நேரம் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், தனியாக ஒரு 'ஆக்டிவிட்டி' வேண்டாம். கலர் பேப்பரும் மினுக்குத்தூளும் வாங்கி, பிரிண்ட் எடுத்து ஒட்டி, போட்டோ போடுகிற வேலையே வேண்டாம். அரிசி எப்படியும் களையத்தான் போகிறோம், மாவு எப்படியும் கரைக்கத்தான் போகிறோம். அந்த வேலையில் பிள்ளையின் கை இருக்கட்டும். வாய் மட்டும் கொஞ்சம் சும்மா இருக்க வேண்டும், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அப்பாக்களும் அடுப்படிக்குள் வர வேண்டும். இப்போது எங்கள் வீட்டில் காலைப் பிடியை என் கணவர்தான் போடுகிறார், மகன் அதைக் கவனிக்கிறான்.

சாறிபாத் விதவையைப் பற்றி அவன் இன்னும் விடவில்லை. போன வாரம் லூக்கா 4இல் இயேசு அவளைப் பற்றிப் பேசுகிற இடம் வந்தது. அந்தப் பஞ்சகாலத்தில் இஸ்ரவேலில் அநேக விதவைகள் இருந்தார்கள், எலியா அவர்களில் ஒருத்தியிடத்துக்கும் அனுப்பப்படவில்லை, வெளிதேசத்தாளான இவளிடத்துக்கே அனுப்பப்பட்டான் என்கிறார். "அப்போ மத்தவங்க எல்லாம் என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். அப்பாவைக் கேட்டான், அவருக்கும் தெரியவில்லை. ஊருக்குப் போன் போட்டு ஆச்சியிடம் கேட்டான். "நீ கேட்டுக்கிட்டே இரு மக்கா, நானும் கேக்கேன்" என்றார்கள்.