"செலவில்லாமல் முடித்துவிட்டாள்" என்று சொன்னவர்களுக்கு

புதுச்சேரி லாஸ்பேட்டைத் தொட்டில் விழாவில் நடந்தது இதைப் படிக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் ஏற்கெனவே தெரியும். பாதிப் பேர் நேரில் இருந்தீர்கள், மீதிப் பேர் அன்று மாலைக்குள் கேள்விப்பட்டுவிட்டீர்கள். ஆகவே முழுக் கதையையும் மறுபடி சொல்லப் போவதில்லை. நாத்தனார் மகளின் குழந்தைக்கு நான் தைத்துக் கொண்டுபோன ஜப்லா என்னும் கைக்குழந்தைச் சட்டைகளையும், குரோஷாவில், அதாவது கொக்கி ஊசியால், பின்னிய தொப்பியையும் எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டி, "கடலூர்க்காரி செலவில்லாமல் முடித்துவிட்டாள்" என்று சொல்லப்பட்ட அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். குழந்தையின் விசேஷத்தில் வாய்ப்பேச்சு வளரக் கூடாது என்பதற்காக நான் அங்கே பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

கையால் தைத்த துணி மலிவான துணி அல்ல. என் கருத்து இவ்வளவுதான். கீழே எழுதியிருப்பதெல்லாம் அதற்கான காரணங்கள்.

முதலில் அந்த ஜப்லாவையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதைத் தூக்கிக் காட்டியவர்கள் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. பிறந்த குழந்தைக்கு உடனே புதுத்துணி போடாமல், துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன பழைய வேட்டியிலோ நூல் புடவையிலோ போர்த்துவது நம் வீடுகளின் வழக்கம். கஞ்சி போட்ட புதுத்துணி அந்தத் தோலுக்கு ஆகாது என்பது பாட்டிகளுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் மல்மல் என்னும் மெல்லிய பருத்தித் துணியை வாங்கியதும் வெட்டாமல், ஊறவைத்து, அலசி, நிழலில் உலர்த்தி, கஞ்சி முழுவதும் போன பிறகே கத்தரிக்கோலை வைத்தேன். சுருங்க வேண்டியது வெட்டுவதற்கு முன்பே சுருங்கிவிட வேண்டும் என்பதும் ஒரு காரணம். பக்கத் தையல்களை ஓவர்லாக் அடித்து, அதாவது ஓரத்தைச் சுற்றி நூல் ஓட்டித் தைத்து, விட்டுவிடலாம். கடைத் துணிகளில் அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்தச் சொரசொரப்பான நூல் விளிம்பு சரியாகக் குழந்தையின் அக்குளில் போய் உராயும். ஆகவே நல்ல பக்கம் வெளியே இருக்க ஒரு தையல் போட்டு, ஓரத்தை ஒட்ட நறுக்கி, உள்ளே வெளியே திருப்பி, அதே விளிம்பில் இன்னொரு தையல் போட வேண்டும். பிசிர் முழுவதும் அந்த மடிப்புக்குள் அடைந்துவிடும், உள்ளே கைவிட்டுத் தடவினாலும் வழவழப்பாகவே இருக்கும். கழுத்துக்குத் துணியைக் குறுக்கே சாய்த்து வெட்டிய கிராஸ் பட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வளைவில் படியாது. பட்டன் வைக்கக் கூடாது, ஏனென்றால் அது கழன்றால் நேராகக் குழந்தையின் வாய்க்குப் போகும். நாடாதான், அதுவும் கழுத்தில் சுற்றிக்கொள்ள முடியாத அளவுக்குக் குட்டையான நாடா. இவ்வளவையும் யோசித்துத் தைத்த ஒன்றைச் செலவில்லாதது என்று சொல்வதற்கு என்ன மனம் வேண்டும்?

தொப்பிக்கு வருகிறேன். நடுவில் ஒரு வளையம், அதில் ஆறு கண்ணி. அடுத்த சுற்றில் பன்னிரண்டு, அதற்கடுத்து பதினெட்டு, பிறகு இருபத்து நான்கு என்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு ஆறாகக் கூட்டிக்கொண்டு போனால்தான் உச்சி தட்டையாக விரியும். ஒரு கண்ணி கூடினால் ஓரம் அலை அலையாகிவிடும், குறைந்தால் கிண்ணமாகக் குவிந்துவிடும். குழந்தையின் தலையளவுக்கு விரிந்ததும் கூட்டுவதை நிறுத்தி நேராக இறக்க வேண்டும். எண்ணிக்கை தவறினால் தவறிய இடம் வரைக்கும் பிரித்துவிட்டுத்தான் மறுபடி தொடங்க முடியும். உல்லன் நூலில் பின்னினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் இந்தக் கடற்கரை வெக்கையில் யார் குழந்தைக்கு உல்லன் போடுவார்கள்? மெல்லிய பருத்தி நூலில்தான் பின்னினேன்.

குரோஷாவைப் பற்றிச் சிரிப்பவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்வெட்டர் பின்னுவதற்கு இயந்திரம் இருக்கிறது, லேஸ் நெய்வதற்கு இயந்திரம் இருக்கிறது. ஒரே கொக்கி ஊசியால் கண்ணிக்குள் கண்ணியாக இழுத்துப் பின்னும் குரோஷாவுக்கு மட்டும் தொழிற்சாலையில் ஓடும் இயந்திரம் இல்லை. கடையில் குரோஷாவைப் போலத் தெரியும் மலிவான துணிகளில் பெரும்பாலானவை இயந்திரத்தில் அதைப் பார்த்துச் செய்த லேஸ் துணிகள். உண்மையான குரோஷா என்றால், உலகத்தில் எங்கே விற்றாலும், அதை ஒரு மனிதர் உட்கார்ந்து கையால்தான் பின்னியிருக்க வேண்டும். ஆந்திராவில் நரசாபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இதைத்தான் செய்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் கற்றுக்கொடுத்த அந்த வேலைக்கு 2024இல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்படியென்றால் ஒரு குரோஷா மேல்சட்டை 299 ரூபாய்க்கு விற்கிறது என்றால், அதில் நூலுக்குப் போனது எவ்வளவு, கடைக்காரருக்குப் போனது எவ்வளவு, பின்னிய கைக்குப் போனது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மலிவு என்பது அங்கேதான் இருக்கிறது. என் பையில் இல்லை.

"ரெடிமேட் இத்தனை குறைந்த விலையில் கிடைக்கும்போது எதற்கு இவ்வளவு பாடு?" என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். விலை குறையவில்லை, அதை வேறு யாரோ கொடுக்கிறார்கள். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து விழுந்ததில் 1,100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அங்கிருந்த தையல் ஆலைகளில் வேலை செய்தவர்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் விட்டிருந்தது, ஆனாலும் அவர்கள் வேலைக்கு வரவழைக்கப்பட்டார்கள். உலகத்துக்கே ரெடிமேட் தைத்துக்கொடுத்த கைகள் அவை.

அவ்வளவு தூரம் போவானேன்? துணிக்கு என்ன விலை என்பது புதுச்சேரிக்குத் தெரியாதா? 1936 ஜூலை 30 அன்று எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய பஞ்சாலைத் தொழிலாளர்களில் பன்னிரண்டு பேரை பிரெஞ்சு அரசு சுட்டுக் கொன்ற ஊர் இது. என் அம்மாவின் அப்பா புதுச்சேரியின் ரோடியர் மில்லில், அதாவது ஏ.எஃப்.டி. என்ற ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸில், தறி ஓட்டியவர். வீட்டுக்கு எந்தத் துணி வந்தாலும், தீபாவளிக்கு வாங்கியதாக இருந்தாலும், அதன் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு முறை தேய்த்துப் பார்த்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து இழைகளைப் பார்த்த பிறகுதான் விலையைக் கேட்பார். 2020இல் அந்த மில்லை மூடினார்கள். அதைப் பார்க்க அவர் இல்லாதது நல்லதுதான். அப்படிப்பட்டவரின் பேத்தியிடம், துணியை உயர்த்திக் காட்டி, பார்த்த மாத்திரத்தில் விலை சொல்கிறார்கள்.

என் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. அம்மா கடலூரில் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்து, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாக வழங்கப்படும் சீருடைகளைத் தைத்தவர். வெட்டிய துணிகள் கட்டுக் கட்டாக வரும், உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி, பதிவேட்டில் கையெழுத்து. அந்த வேலை முடிந்த பிறகு அதே காலால் அதே மிஷினை மிதித்து எங்களுக்குத் தைப்பார். என் பட்டுப்பாவாடையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக மூன்று டக், அதாவது மடிப்புத் தையல், பிடித்திருப்பார். நான் வளர வளர ஒவ்வொரு டக்காகப் பிரித்துவிட, ஆண்டுகள் கடந்தும் அந்தப் பாவாடை கணுக்கால் வரை வந்துகொண்டே இருந்தது. ரவிக்கையின் உள்தையலில் இரண்டு பக்கமும் துணி விட்டிருப்பார். வளரப்போகும் பிள்ளையை மனத்தில் வைத்துத் தைத்தவை அவை. இன்றைய ரெடிமேட் சட்டையைத் திருப்பிப் பாருங்கள், பிரித்துவிட உள்ளே கால் அங்குலத் துணிகூட இருக்காது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது கடலூரில் இருந்தவர்களுக்கு அதற்குப் பிந்தைய வாரங்கள் மறக்காது. மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன, கரண்ட் இல்லை. திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவில் மோட்டார் வைத்த மிஷின்கள் எல்லாம் சும்மா கிடக்க, அம்மாவின் கால் மிஷின் மட்டும் ஓடியது. மழைத்தண்ணீர் பட்டு இறுகியிருந்த ஷட்டிலைக் கழற்றி மண்ணெண்ணெயில் துடைத்து, எண்ணெய் விட்டு, வாசலுக்கு வெளிச்சத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். கூரை இழந்தவர்களின் தார்ப்பாய்க்கு ஓரம் அடித்துக் கொடுத்தார், கிழிந்த போர்வைகளை இணைத்துக் கொடுத்தார், மாற்றுத்துணி இல்லாமல் போன பிள்ளைகளுக்குப் பழைய புடவையில் பாவாடை தைத்தார். யாரிடமும் ஒரு பைசா வாங்கவில்லை. "செலவில்லாமல்" என்று அன்று எவரும் சொல்லவில்லை.

இன்னும் சில கேள்விகள் என்னை நோக்கி வரும் என்பதை அறிவேன். "வேலைக்குப் போகும் உங்களுக்கு எப்படி நேரம் கிடைக்கிறது?" என்று ஒருவர் கேட்பார். மற்றவர்கள் தொடர் பார்க்கும் நேரத்தில் கிடைக்கிறது. இதற்கு மேல் அந்தக் கேள்விக்குப் பதில் தேவையில்லை.

"பெண்களை மறுபடியும் ஊசி நூலுக்குள் அடைக்கப் பார்க்கிறீர்கள்" என்று என் தோழி ஒருத்தி சொன்னாள். அவளை மதிக்கிறேன், அவள் அம்மா பட்ட பாடும் எனக்குத் தெரியும். கட்டாயத்தின் பேரில் ஒரு பெண் மிஷினின் முன்னால் உட்கார வைக்கப்படுவதை நானும் எதிர்க்கிறேன். ஆனால் கடைத்தெருவில் உட்கார்ந்து பேண்ட் சட்டை தைப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தானே? அவர்கள் தைத்தால் அது தொழில், அவர்களுக்குப் பெயர் மாஸ்டர். நான் தைத்தால் அடுப்படி வேலையா? என் மகன் தன் சட்டைக்குத் தானே காஜா (பட்டன் துளை) எடுப்பான், தங்கைக்குக் குரோஷாவில் பை பின்னிக் கொடுத்திருக்கிறான். குற்றம் ஊசியில் இல்லை. வீட்டில் ஒரு பெண் செய்யும் எந்த வேலைக்கும் விலை போடாமல் விட்ட பழக்கத்தில் இருக்கிறது. சங்கத்தில் தைத்தபோது என் அம்மா தொழிலாளி. அதே கைகள் வீட்டில் தைத்தபோது "சும்மாதானே இருக்கிறாள்" என்றார்கள். சமையல், பிள்ளை வளர்ப்பு, மாமியாருக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது எல்லாவற்றுக்கும் இதே கதைதான். காசு கைமாறாத இடத்தில் உழைப்பே நடக்கவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள், அதைப் பெண்களே சொல்லும்போது இன்னும் அதிகமாக வலிக்கிறது.

"வயதானவர், விளையாட்டாகச் சொல்லிவிட்டார், பெரிதுபடுத்தாதே" என்று வீட்டிலேயே சொன்னார்கள். இருபது பேர் நடுவில் சொல்லிச் சிரித்தது விளையாட்டு, அதற்கு நான் பதில் எழுதுவது பெரிதுபடுத்துவது என்றால், அந்த நியாயம் எனக்குப் புரியவில்லை.

புதுச்சேரி ரொமேன் ரோலான் வீதியில் குளூனி கன்னியர் நடத்தும் எம்பிராய்டரி மையத்துக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். அந்தப் பழைய பிரெஞ்சு வீட்டின் கூடத்தில் பெண்கள் உட்கார்ந்து மேசை விரிப்புகளிலும் கைக்குட்டைகளிலும் ஊசியால் பூவேலை செய்துகொண்டிருப்பார்கள். வெளிநாட்டுப் பயணிகள் தேடி வந்து வாங்கிப் போகிறார்கள். நம்மவர்களும் உறவினர்களை அழைத்துப்போய்ப் பெருமையாகக் காட்டுகிறார்கள், காட்ட வேண்டியதுதான். அதே பொறுமையும் அதே விரல்களும் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்தால் மட்டும் எப்படிக் கஞ்சத்தனமாகிவிடுகிறது?

"அவ்வளவு நன்றாகத் தைத்தால் விற்கலாமே" என்று இன்னொரு யோசனை. விற்றால்தான் மரியாதை என்றால் எனக்கு அந்த மரியாதை வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். எனக்கும் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் அம்மாவுக்கும் தைத்தேன், கேட்ட உறவினர்கள் எல்லோருக்கும் தைத்துக் கொடுத்தேன். இப்போது சிரித்தவர்களில் பலர், புரட்டாசி பிறந்ததுமே ரவிக்கைத் துணியைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, "கடையில் லைனிங் ரவிக்கைக்கு அநியாயமாகக் கேட்கிறான், நீயே தைத்துவிடு கண்ணு" என்று என் வீட்டு வாசலில் வந்து நின்றவர்கள்தாம். அளவு ரவிக்கை கொடுக்காமல் "போன தடவை மாதிரியே" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள், நூலையும் கொக்கியையும்கூட என் கணக்கில் விட்டவர்கள். அப்போது யாருக்கும் இது செலவில்லாத வேலையாகத் தெரியவில்லை. கடைக்காரர் கேட்ட கூலி நினைவில் இருந்ததால்தானே என்னிடம் வந்தீர்கள்?

ஆகவே இந்தத் தீபாவளியிலிருந்து கடலூர் லாரன்ஸ் ரோட்டுக் கடைகளில் லைனிங் ரவிக்கைக்கு என்ன கூலி வாங்குகிறார்களோ அதையே நானும் வாங்குவேன். லைனிங் துணியும் அளவு ரவிக்கையும் நீங்கள் கொண்டுவர வேண்டும், நூலுக்கும் கொக்கிக்கும் தனியாகப் பணம் தர வேண்டும், பாதியை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். ஐப்பசி பிறந்த பிறகு துணி வாங்கமாட்டேன். தொட்டில் குழந்தைகளுக்கான ஜப்லாவுக்கு மட்டும் எப்போதும்போல யாரிடமும் காசு வாங்கமாட்டேன்.