தீர்வை செலுத்திய ரசீது மது விற்கும் அனுமதியாகாது
இலங்கையின் கொழும்புத் துறைமுகத்தில் தீர்வை (இறக்குமதி வரி) செலுத்தி எடுத்த வெளிநாட்டு மதுவை, வியாபாரப் பதிவும் பிரதேச சபை அனுமதியும் உள்ள எவரும் மாங்குளத்திலோ புளியங்குளத்திலோ கடையில் வைத்து விற்கலாம் என ஒருவர் எழுதியிருப்பது தவறு. 1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டம் பொருள் நாட்டுக்குள் வருவதைப் பற்றியது; அதை விற்பதற்கு, 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ், மதுவரித் திணைக்களத்தின் தனியான அனுமதிப்பத்திரம் வேண்டும்; அதுவும் டிசெம்பர் 31 உடன் காலாவதியாவதால் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. சுங்கமும் மதுவரியும் வெவ்வேறு திணைக்களங்கள் என்பதால், புதிதாகக் கடை திறப்போர் குழம்புவதில் வியப்பில்லை. அனுமதிப்பத்திரம் இருந்தாலும் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்கிறது. சிகரெட்டுக்கும் அதே விதிதான்.