புக்கிங் செய்தவர் ஒருவர், பயணம் வருவது ஏழு பேர்

கஸ்டமர் கேட்டதைக் கொடுத்துவிட்டால் பிரச்சினையே வராது என்று டூர் தொழிலில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. ஆறேழு பேர் கொண்ட சின்னக் குழுவில் பாதிப் பிரச்சினை வருவதே கேட்டதை அப்படியே கொடுப்பதால்தான். கேட்டது யார்? புக்கிங் செய்தவர். அவர் நாலு வீடியோ பார்த்துவிட்டு ஒரு நாளைக்கு எட்டு இடம் என்று பட்டியல் அனுப்புவார். அவருடைய அம்மாவுக்கு முட்டிவலி, தங்கைக்குக் கைக்குழந்தை, கூட வரும் நண்பருக்குப் பழைய கட்டடம் என்றாலே கொட்டாவி. இது எதுவும் அந்தப் பட்டியலில் இருக்காது.

நாற்பது பேர் பஸ்ஸில் ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் கூட்டத்தில் அது கரைந்துவிடும். ஆறு பேரில் ஒருவர் சிடுசிடுத்தால் அன்றைய நாளே அவருடையதுதான், மற்ற ஐந்து பேரும் அவரைச் சமாதானப்படுத்தும் வேலையில் இறங்கிவிடுவார்கள். வெனிஸ் நகரம் 2024-இல் கைடோடு வரும் சுற்றுலாக் குழுக்களுக்கு 25 பேர் என்று வரம்பு வைத்து ஒலிபெருக்கிக்கும் தடை போட்டது. ஊருக்கு அது நல்லதுதான். ஆனால் ஆட்களைக் குறைத்துவிட்டால் மட்டும் பயணம் நன்றாக அமைந்துவிடும் என்று நினைக்கும் ஆபரேட்டர்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. குழு சின்னதாக ஆக ஆக கைடுக்கு வேலை கூடுமே தவிர குறையாது.

சரி, உண்மையில் என்ன வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? "என்ன பார்க்கணும்?" என்று கேட்டால் உருப்படியான பதில் வராது, எல்லோரும் சொல்லும் அதே பெயர்களைத்தான் அவர்களும் சொல்வார்கள். நான் கேட்பது வேறு. காலையில் எத்தனை மணிக்கு எழுந்து பழக்கம், படி ஏற முடியுமா, நேரத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர் யாராவது உண்டா, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பாத்ரூம் தேவைப்படும் (கூச்சப்படாமல் கேளுங்கள், பலருக்கு அன்றைய திட்டத்தையே இதுதான் தீர்மானிக்கிறது). அப்புறம் நான் தவறாமல் கேட்பது, போன பயணத்தில் எது எரிச்சலாக இருந்தது என்பது. ஆசையைக் கேட்டால் யோசித்து யோசித்துப் பேசுபவர்கள்கூட எரிச்சலைக் கேட்டால் கொட்டிவிடுவார்கள். "எங்கே போனாலும் ஓட ஓட விரட்டினார்கள், உட்காரவே விடவில்லை" என்று ஒருவர் சொல்லிவிட்டால், அவர் அனுப்பிய எட்டு இடத்தில் நாலை நீங்கள் தாராளமாக வெட்டலாம்.

வெட்டுவதற்குக் காரணமும் உண்டு. மலைநடைக்கு ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர், ஏற்றம் இருந்தால் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். அது திடமான ஆள் நிற்காமல் நடக்கும் கணக்கு. குழந்தையும் பெரியவரும் இருக்கும் குழுவின் வேகம் அதில் கடைசியாக வருபவரின் வேகம்தான். மியூசியமும் அப்படித்தான். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருந்த பெஞ்சமின் கில்மன், பார்வையாளர் எப்படியெல்லாம் குனிந்து, வளைந்து, எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதைப் படம் எடுத்தே காட்டி, 1916-இல் அந்தச் சோர்வைப் பற்றி எழுதினார். ஆக மூன்றாவது அறையில் ஒருவர் நாற்காலியைத் தேடினால் அவருக்கு ரசனை இல்லை என்று அர்த்தமில்லை, இடுப்பு வலிக்கிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் அரசர் பரம்பரையை ஒப்பிக்கும் கைடைப் பார்த்தால் எனக்கே ஓடிவிடலாம் போலிருக்கும்.

எல்லாவற்றுக்கும் வளைந்து கொடுக்கச் சொல்லவில்லை. மலையில் 3,000 மீட்டருக்கு மேல் போனால், இரவு தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. "நாங்கள் தினமும் ஜிம்முக்குப் போகிறவர்கள், ஒரு நாளை மிச்சம் பிடிக்கலாமே" என்பார்கள். மேலே போகப் போக ஆக்ஸிஜன் குறைவதால் வரும் உயர நோயை உடல்தகுதி தடுக்காது. அங்கே முடியாது என்று சொல்வதுதான் சேவை, முகம் சுளித்தாலும் சரி.

கைடுகளைக் குறை சொல்வதோடு நிறுத்தினால் நியாயமில்லை. பயணம் முடிந்ததும் நிறுவனம் கொடுக்கும் ஃபார்மில் முதல் கேள்வி "சொன்ன இடங்கள் எல்லாம் காட்டப்பட்டனவா?" என்று இருந்தால், எந்தக் கைடும் பட்டியலைத்தான் ஓட்டுவார். கடைகளில் கிடைக்கும் கமிஷனை நம்பித்தான் அவர் பிழைப்பு என்றால், களைத்துப் போன குழுவையும் கடைக்குள் தள்ளத்தான் செய்வார். சம்பளத்தை ஒழுங்காகக் கொடுங்கள். குழுவை ஒப்படைக்கும்போது பெயர், போன் நம்பர், விமான நேரம் மட்டும் அனுப்பாமல், இரண்டு நாள் முன்பே அவர்களோடு அரை மணி நேரம் பேச கைடுக்கு வழி செய்யுங்கள். புக்கிங் செய்தவரோடு மட்டும் பேசினால் போதாது, அவருடைய அம்மாவிடமும் போனைக் கொடுக்கச் சொல்லுங்கள்.