கோட்டுக்கு உள்ளே, கோட்டுக்கு வெளியே

பெரிய திட்டம் ஒன்று வருகிறது என்றால் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை ஏக்கர் எடுக்கிறார்கள்?" என்பதைத்தான். எடுக்காத ஏக்கர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எங்கள் பக்கத்தைப் புரட்டிப் போட்டதில் பாதிக்குமேல் அந்த எடுக்காத ஏக்கர்கள்தான்.

சென்னைக்கு இரண்டாவதாக, காஞ்சிபுரம் பக்கம் வரப்போகிற பரந்தூர் விமான நிலையத்தைச் சொல்கிறேன். படாளம், திருப்போரூர், பன்னூர் என்று சுற்றிவந்த பேச்சு 2022 ஆகஸ்டில் பரந்தூரில் வந்து நின்றது. 13 கிராமங்கள். முதலில் சுமார் 4,500 ஏக்கர் என்றார்கள். 2023 இறுதியில் நிர்வாக ஒப்புதல் வந்தபோது அது 5,746 ஏக்கர் ஆகியிருந்தது. அதில் 3,774 ஏக்கர் பட்டா நிலம், மீதி 1,972 ஏக்கர் அரசுப் புறம்போக்கு. புறம்போக்கு என்று கோப்பில் படிக்கிறவருக்குச் சும்மா கிடக்கிற இடம் போலத் தோன்றும். ஊர்க்காரர்களுக்கு அது ஏரி, வரத்துக்கால்வாய், மேய்க்கால், களம், வண்டிப்பாதை, சுடுகாடு. யார் பெயரிலும் பட்டா இல்லாததால் அது போனதற்காக யார் கையிலும் ஒரு ரூபாய் வந்து சேராது.

திட்டப் பகுதிக்குள் வரும் ஏகனாபுரம் மக்கள் மாதக்கணக்கில், பிறகு ஆண்டுக்கணக்கில் கூடிப் போராடியது, கிராம சபைகளில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டது, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களிக்காமல் இருந்தது எல்லாம் செய்திகளில் வந்தன. என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் அவற்றை எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது வேறு. வரைபடத்தில் ஒரு கோடு போட்டவுடன் அந்தக் கோட்டின் இரண்டு பக்கத்திலும் நிலத்துக்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றி.

எங்கள் குடும்பத்துக்கு இருக்கிற கொஞ்சம் நஞ்சை கோட்டுக்கு வெளியே. சித்தப்பாதான் பயிர் வைக்கிறார். அறிவிப்பு வந்த சில வாரங்களில் வீட்டு வாசலில் தரகர்கள். ஒருவர் செல்பேசியில் வரைபடம் வைத்திருந்தார். விமான நிலையம் நீலத்தில், எங்கள் வயல் ஒரு மஞ்சள் வட்டத்துக்குள். "ஐயா, ஓடுபாதை இங்கே முடிகிறது, நுழைவாயில் இந்தப் பக்கம்தான்" என்றார். அரசு அதுவரை வெளியிட்டதில் நான் பார்த்த எதிலும் நுழைவாயில் இருக்கவில்லை. அந்த வரைபடத்தை யார் வரைந்தார்கள் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே முன்பணத் தொகையைச் சொன்னார். சித்தப்பா மோர் கொடுத்து அனுப்பிவைத்தார்.

கோட்டுக்கு உள்ளே நிலைமை நேர் எதிர். அங்கே நிலம் இருக்கிறது, வாங்க ஆள் இல்லை. மகள் திருமணத்துக்கு அரை ஏக்கரை விற்கலாம் என்றால் விலை கேட்கவே யாரும் வருவதில்லை. புதிதாக ஆழ்துளைக் கிணறு போடலாமா, ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போடலாமா, தென்னை வைக்கலாமா என்று எதையும் முடிவு செய்ய முடியாது. செய்தால் வீண் செலவு ஆகிவிடலாம், செய்யாவிட்டால் ஆண்டுகள் போகின்றன. விமான நிலையத்துக்கான நிலக் கிரையங்கள் பதிவாகத் தொடங்கியதே 2025 ஜூலையில்தான். அறிவிப்புக்கும் முதல் கிரையத்துக்கும் நடுவே ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். அந்த மூன்று ஆண்டுகளுக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை.

ஏன் இடமில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். நிலம் எடுப்பது தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டுத் தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டத்தின்படி. இழப்பீடும் மறுவாழ்வும் மட்டும் மத்திய அரசின் 2013 நில எடுப்புச் சட்டத்தின்படி. மத்தியச் சட்டத்தில் இருக்கும் சமூகத் தாக்க மதிப்பீடு என்ற படியை மாநிலச் சட்டம் தாண்டிப் போக விடுகிறது. இது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் சொன்னது. மாநில அரசு உடனே அதற்கு உயிர்கொடுக்க இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஆக, சட்டப்படி வழி இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை என்பது வேறு விஷயம். அந்த மதிப்பீடுதான் குத்தகைக்காரர், நடவுக்குப் போகிறவர், ஆடு மேய்ப்பவர் என்று பட்டாவில் பெயரில்லாதவர்களைக் கணக்கில் கொண்டுவரும் முக்கியமான இடம்.

இழப்பீட்டுக்கு வருவோம். பத்திரப்பதிவுக்காக அரசு வைக்கும் வழிகாட்டி மதிப்பு ஒருபக்கம், அக்கம்பக்கத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரையங்களில் அதிக விலையுள்ள பாதியின் சராசரி மறுபக்கம். எது கூடுதலோ அதுதான் சந்தை மதிப்பு. அதை ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கி, கட்டாயமாக எடுப்பதற்கான ஆறுதல் தொகையையும் அதன்மேல் சேர்ப்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போன எவருக்கும் தெரியும், பத்திரத்தில் எழுதுகிற விலை வேறு, பையில் போகிற பணம் வேறு. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். உண்மை விலையை எழுதினால் கட்ட வேண்டியது எவ்வளவு என்று மனக்கணக்குப் போட்டுவிட்டு, வழிகாட்டி மதிப்பையே எழுதச் சொல்லிவிடுவோம். அந்த வழிகாட்டி மதிப்பைத்தான் 2017-இல் மாநிலம் முழுக்க 33 சதவீதம் குறைத்தார்கள். 2023 ஏப்ரலில் மறுபடி உயர்த்தியபோதும் 2012-இல் இருந்த நிலைக்குத்தான் கொண்டுவந்தார்கள். பத்திரத்தில் நாம் எழுதிய பொய்யே ஒருநாள் நமக்கு இழப்பீடாகத் திரும்பி வருகிறது. இதைச் சொன்னால் ஊரில் யாருக்கும் பிடிப்பதில்லை.

பேச்சுவார்த்தை நடத்திக் கூடுதலாகத் தருகிறார்கள் என்பது உண்மைதான். தரட்டும். ஆனால் அந்தப் பணத்தோடு அவர் எங்கே போய் நிலம் வாங்குவார்? பக்கத்து ஊரில் வாங்கலாம் என்றால் அங்கே விலை ஏற்கெனவே விமான நிலைய விலை. தன் நிலம் எடுக்கப்படுவதால் ஏறிய விலைக்கே அவர் பக்கத்து நிலத்தை வாங்க வேண்டும்.

இப்போது கோட்டுக்கு வெளியே வாருங்கள். எங்கள் வயலுக்குச் சற்று மேற்கே ஒரு மனைப்பிரிவு வந்திருக்கிறது. வளைவு வாசல், இரண்டு பக்கமும் வண்ணக்கொடிகள், நேற்றுவரை நாற்றங்காலாக இருந்த இடத்தில் வெள்ளையும் மஞ்சளும் பூசிய அளவுக்கற்கள். அங்கீகாரம் பெற்ற மனைதான், அதில் குறை சொல்ல முடியாது. 2016-இல் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்குத் தடை போட்ட பிறகு எல்லோரும் அங்கீகாரம் வாங்கிவிடுகிறார்கள். சாலை அகலம் இருக்கிறது, பூங்காவுக்கு இடம் இருக்கிறது. ஆனால் மனைப்பிரிவுக்குள் போகும் சாலை எங்கள் ஏரிக்கு வரும் வரத்துக்கால்வாயின் மேல் போகிறது. ஓர் ஆள் படுத்தால் தலையும் காலும் கரையைத் தொடாத அகலமுள்ள கால்வாய் அது. சாலைக்கு அடியில் ஒரு சிமெண்ட் குழாய் புதைத்திருக்கிறார்கள். ஒரு குடத்தை உள்ளே தள்ளினால் சிக்கிக்கொள்ளும். மழை பெய்தால் மேற்கே வீட்டுமனைகள் மிதக்கும், கிழக்கே ஏரி நிரம்பாது.

இதைத் தனித்தனியாகப் பார்த்தால் யார்மேலும் தப்பில்லை. நகர் ஊரமைப்பு அலுவலகம் ஒரு மனைப்பிரிவின் வரைபடத்தைப் பார்க்கிறது, அதற்குள் விதிப்படி எல்லாம் இருந்தால் கையெழுத்துப் போடுகிறது. அடுத்தடுத்து முப்பது மனைப்பிரிவுகள் வந்தால் என்ன ஆகும் என்று கேட்பது அந்த மேசையின் வேலை இல்லை. ஒன்றின் சாலை அடுத்ததன் மதிலில் போய் முட்டுகிறது. கழிவுநீர் எங்கே போகும் என்று கேட்டால், ஆளுக்கொரு தொட்டி. பள்ளிக்கூடத்துக்கு இடம்? அது அரசு பார்த்துக்கொள்ளுமாம். இந்தப் பகுதியின் ஏரிகள் ஒன்றுக்கொன்று தொடர்புள்ளவை. திட்டப் பகுதிக்குள்ளேயே போகும் கம்பன் கால்வாய் பாலாற்றில் பிரிந்து வழியில் உள்ள ஏரிகளை நிரப்பிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் ஏரிவரை போவது. அந்தப் பக்கத்து உபரிநீர் செம்பரம்பாக்கத்தை நோக்கித்தான் போகும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் திறந்தபோது அடையாற்றுக் கரையில் இருந்தவர்களுக்கு மேற்கே என்ன நடக்கிறது என்பதில் அக்கறை வந்திருக்க வேண்டும்.

இத்தனைக்கும் பரந்தூர் அறிவிப்பு வந்த இரண்டே மாதங்களில், 2022 அக்டோபரில், சென்னைப் பெருநகர்ப் பகுதியின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரில் இருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து அரசாணை போட்டார்கள். காஞ்சிபுரமும் அரக்கோணமும்கூட உள்ளே. எல்லை விரிந்தது, திட்டம் விரியவில்லை. நடப்பில் இருந்த இரண்டாம் முழுமைத் திட்டம் பழைய எல்லைக்குப் போட்டது. தரகரின் வரைபடம் சில வாரங்களில் வந்துவிடுகிறது, அரசின் வரைபடத்துக்கு ஆண்டுகள் ஆகின்றன. கிளாம்பாக்கத்தில் இதே வரிசைக் கோளாறைப் பார்த்தோம். 2023 டிசம்பர் 30-இல் பேருந்து முனையத்தைத் திறந்துவிட்டு, ரயில் நிலையத்தைப் பிறகு கட்டினார்கள்.

வேறு இடங்களில் வரிசையை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். நவி மும்பை விமான நிலையம் திறந்தது 2025 அக்டோபரில். அதைச் சுற்றியுள்ள கிராமங்களைத் தனித் திட்டப் பகுதியாக அறிவித்து, மகாராஷ்டிர அரசின் நகர மேம்பாட்டு நிறுவனமான சிட்கோவை (CIDCO) திட்டக் குழுமமாகப் போட்டது 2013-இல். விமான நிலையத்துக்கு நிலம் கொடுத்தவர்களுக்குப் பணத்துக்குப் பதிலாக, கொடுத்த நிலத்தில் 22.5 சதவீத அளவுக்கு மேம்படுத்திய மனை. ஏறுகிற விலையில் அவர்களுக்கும் பங்கு. அங்கும் தாமதமும் சண்டையும் உண்டு, சொர்க்கம் என்று சொல்லவில்லை. ஆந்திரத் தலைநகருக்காக இதே போல மனை தருவதாகச் சொல்லி நிலம் வாங்கிய அமராவதியை நினைத்தால் இந்த முறைமீதும் முழு நம்பிக்கை வைக்க முடியாது. 2015-இல் 33,000 ஏக்கருக்குமேல் விவசாயிகள் நம்பிக் கொடுத்தார்கள். 2019-இல் ஆட்சி மாறியது, மூன்று தலைநகரம் என்றார்கள், நிலம் கொடுத்தவர்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். மனை தருகிறோம் என்ற வாக்கு ஒரு தேர்தலைத் தாண்டி நிற்க வேண்டுமென்றால் அதைச் சட்டத்தில் எழுத வேண்டும்.

"அப்படியானால் விமான நிலையமே வேண்டாம் என்கிறாயா?" என்று கேட்பீர்கள். மீனம்பாக்கத்தில் நெருக்கடி இருப்பது எனக்கும் தெரியும். இவ்வளவு ஏரிகள் உள்ள இடத்தைத் தேர்ந்தெடுத்தது சரியில்லை என்பது என் கருத்து. அதில் எனக்கு எதிராகப் பேசுகிறவர்களும் கீழே சொல்வதை மறுக்கக் காரணம் இல்லை.

திட்டத்தை அறிவிக்கும் அதே நாளில், சுற்றியுள்ள பகுதியின் ஏரி, கால்வாய், அவற்றின் நீர்வரத்து நிலங்கள் எவை என்று புல எண்ணோடு வெளியிட்டு, அங்கே மனைப்பிரிவு ஒப்புதலை நிறுத்தி வையுங்கள். கோட்டுக்கு உள்ளே இருப்பவருக்கு ஒரு கெடு சொல்லுங்கள், அதற்குள் எடுக்காவிட்டால் விட்டுவிடுங்கள். இது புதுமையான கோரிக்கை இல்லை. நகர் ஊரமைப்புச் சட்டம், 1971, திட்டங்களில் ஒதுக்கிய நிலத்தை மூன்று ஆண்டுகளுக்குள் எடுக்க நடவடிக்கை இல்லையென்றால் விடுவித்ததாகக் கருத வேண்டும் என்கிறது. நகரத்தில் பூங்காவுக்கு ஒதுக்கிய மனைக்குக் கிடைக்கிற அந்தப் பாதுகாப்பு, விமான நிலையத்துக்குக் குறிவைத்த நஞ்சைக்கு ஏன் கிடைக்கக் கூடாது? எங்களைப் போல வெளியே இருந்துகொண்டே விலை ஏறிப் பயனடைகிறவர்களிடம், விற்கும்போது அந்த ஏற்றத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளுங்கள். சித்தப்பாவுக்கு இது பிடிக்காது. ஆனாலும் அந்தப் பணம் உள்ளே இருந்து போகிறவருக்கு மாற்று நிலம் வாங்கப் போக வேண்டும், அதற்கு முன்னால் அந்தச் சிமெண்ட் குழாயைத் தோண்டி எடுத்துவிட்டுக் கால்வாய் அகலத்துக்கு ஒரு பாலம் கட்டப் போக வேண்டும்.