ஏழு கோர் தூங்குகிறது என்று சொல்லக்கூட மாட்டாயா?

போன வாரம் சாயங்காலம், நானே கட்டிய லினக்ஸில் ஜிசிசி என்ற கம்பைலரைக் கம்பைல் போட்டுவிட்டுப் படுத்தேன். விடிந்து எழுந்து பார்த்தால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பிராசஸருக்குள் எட்டு கோர், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் எட்டுப் பகுதி, உள்ள மெஷின்! எட்டு வேலையை ஒரே நேரத்தில் ஓட்டு என்று, கம்பைலை நடத்தும் மேக்குக்கு ‘ஜே 8’ வேறு கொடுத்திருந்தேன். மெஷினில் என்ன ஓடுகிறது என்று காட்டும் டாப்பைத் திறந்து 1 என்ற விசையை அழுத்தினேன். கோருக்கு ஒரு வரி வர வேண்டும். வந்தது ஒரே வரி, ‘சிபியூ0’. எட்டு வேலையும் அந்த ஒன்றின் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தன.

லினக்ஸை அடியிலிருந்து நாமே கட்டினால் தப்பு வரும், அது தெரிந்துதான் இறங்கினேன். லினக்ஸின் மையமான கெர்னலை டைனிகான்ஃபிக் என்ற மிகச் சிறிய அமைப்பில் தொடங்கினேன், அதில் அநேகமாக எல்லாமே அணைந்திருக்கும், தேவையானதை நாம்தான் தேடித் தேடி ஆன் செய்ய வேண்டும். 64 பிட்டை விட்டுவிட்டேன். கெர்னல் தான் முதலில் ஓட்ட வேண்டிய இனிட் என்ற புரோகிராமை ஓட்ட முடியாமல், பேனிக் என்று கத்திவிட்டு நின்றது. பத்து நிமிடத்தில் சரி செய்தேன். அப்படிக் கத்தினால் போதுமே! பல கோர்களை ஓட்டும் வசதியான எஸ்எம்பியை விட்டாலோ கெர்னல் ஒற்றைக் கோரில் சமர்த்தாக ஏறி லாகின் கேட்கிறது.

சரி என்று எஸ்எம்பியை ஆன் செய்து மறுபடி கட்டினேன், அதுவும் அதே ஒற்றைக் கோரில். பூட் ஆனதும், கெர்னல் விவரம் சொல்லும் யூநேம் அடித்தால் ‘எஸ்எம்பி’ என்று பளிச்சென்று காட்டுகிறது. கோர்களை எண்ணிச் சொல்லும் என்ப்ராக் அடித்தால் 1. வயிறு எரியுமா எரியாதா? கெர்னலைப் பூட் செய்யும் கிரப்பின் வரியில், ஒற்றைக் கோர் போதும் என்று சொல்லும் ‘நோஎஸ்எம்பி’ ஒட்டிக்கொண்டிருக்கிறதா, பயாஸில் யாராவது கோரை அணைத்தார்களா என்று இரண்டு நாள் அலைந்தேன்.

கடைசியில் காட்டிக்கொடுத்தது ஷட்டவுன். ‘சிஸ்டம் ஹால்டட்’ என்று எழுதிவிட்டு ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் அணைத்தேன். மெஷினை அணைப்பது, கெர்னலும் மெஷினின் ஃபர்ம்வேரும் பேசிக்கொள்ளும் ஏசிபிஐயின் வேலையாச்சே என்று அப்போதுதான் உறைத்தது. எத்தனை கோர் இருக்கிறது என்பதையும் கெர்னல் ஏசிபிஐ அட்டவணையைப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறது. அந்த ஏசிபிஐயையும் டைனிகான்ஃபிக் அணைத்திருந்தது. யூநேமில் நிற்கும் அந்த ‘எஸ்எம்பி’ சொல்வது, இந்தக் கெர்னலுக்குப் பல கோர்களை ஓட்டத் தெரியும் என்பதை மட்டும்தான்.

லினக்ஸுக்குப் பல பிராசஸர்களை ஓட்டும் திறன் வந்தது 1996இல், 2.0 பதிப்பில். இத்தனை வருஷத்துக்குப் பிறகும், ஒற்றைக் கோரை எழுப்பியதைக் கெர்னல் தன் செய்திப் பதிவான டிமெஸ்ஜியில் நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே சாதாரணத் தகவலாகச் சொல்லிவிட்டுப் போகிறது. உனக்குள் ஒரே நேரத்தில் எத்தனை வேலை (த்ரெட்) ஓடும் என்று, பிராசஸர் தன் விவரத்தைச் சொல்லும் சிபியூஐடி கட்டளையில் அதையே கேட்கலாமே! ‘எட்டு இருக்கிற மாதிரி தெரிகிறது, ஒன்றைத்தான் எழுப்பினேன், ஏசிபிஐ இல்லை’ என்று கண்ணில் படும்படி ஒரு எச்சரிக்கை. அந்த ஒரு வரி இருந்திருந்தால் என் இரண்டு நாளும் ஒரு ராத்திரியும் மிச்சம்.

ஏசிபிஐயை ஆன் செய்தேன். டாப்பில் எட்டு வரி. அதே ஜிசிசியை மறுபடி சாயங்காலம் போட்டேன், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது.