பெரியம்மாவின் போனில் தானாக ஓடும் அப்டேட்டை நிறுத்திவிட்டேன்

விசுவமடுவில் இருக்கும் பெரியம்மாவின் போன், போன மாதம் ஒரு இரவு தன்பாட்டில் அப்டேட் ஆகியிருக்கிறது. விடிய எழும்பிப் பார்த்தால் கம்பனிப் பெயர் வருகிறது, அணைகிறது, திரும்ப வருகிறது. திருத்தக் கொடுத்த கடையில் ரீசெட் அடித்துத் தந்தார்கள். போன் வேலை செய்தது. படங்கள் ஒன்றும் இல்லை.

2009 இல் போருக்குள் அல்பங்களை விட்டுவிட்டு ஓடிய சனம் நாங்கள். பெரியப்பாவின் படம் என்று இருந்தது ஒன்றே ஒன்று. கனடாவில் இருக்கும் சித்தி, தன்னிடம் இருந்த கலியாண வீட்டுப் படத்தைப் போனால் எடுத்து அனுப்பியது. ஓரம் மடிந்த படம், நடுவில் பிளாஷ் வெளிச்சம் வட்டமாய் விழுந்திருக்கும். பெரியம்மா படுக்க முதல் அந்த முகத்தை விரலால் பெரிசாக்கிப் பார்ப்பார். சித்தி திரும்ப அனுப்பிவிட்டார், சரி. ஆனால் அது வரும்வரை இரண்டு நாள் பெரியம்மா ஒழுங்காய்ச் சாப்பிடவில்லை.

புதிய போன்கள் பலவற்றில் அப்டேட் தனியொரு பகுதியில் ஏறி, ரீஸ்டார்ட் பண்ணும்போதுதான் மாறும். பிழைத்தால் பழையதற்கே திரும்பிவிடும். எங்கட வீடுகளில் அம்மாமார் வைத்திருப்பது பிள்ளைகள் பாவித்துக் கொடுத்த பழைய போன், உள்ளே இடமும் இருக்காது. அதில் எப்போது கை வைப்பது என்பதை வைத்திருப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அண்ட்ரொயிட் என்றால் செட்டிங்ஸில் பில்ட் நம்பரை 7 தடவை தட்டுங்கள், டெவலப்பர் ஒப்ஷன்ஸ் திறக்கும். அதற்குள் ஒட்டோமெட்டிக் சிஸ்டம் அப்டேட்ஸ் இருந்தால் நிறுத்துங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். சில போன்களில் சொப்ட்வெயார் அப்டேட் பக்கத்திலேயே, வைஃபையில் தானாக இறங்குவதை நிறுத்தலாம். ஐபோனிலும் ஜெனரலுக்குள் அந்தப் பக்கம்தான்.

அதற்காக அப்டேட்டே வேண்டாம் என்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். 2015 இல் அண்ட்ரொயிட் போன்களில் ஸ்டேஜ்பிரைட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது. ஒரு எம்எம்எஸ் வந்தாலே போனுக்குள் நுழையக்கூடிய ஓட்டை அது. அதற்குப் பிறகுதான் கூகுள் மாதாமாதம் பாதுகாப்புத் திருத்தம் விடத் தொடங்கியது. இப்போது வங்கிக் கணக்கும் போனில்தானே இருக்கிறது. மிகவும் பழசாய் விட்டால் வட்ஸ்அப்பும் நின்றுவிடும். 2025 ஜனவரியோடு அண்ட்ரொயிட் 4.4 போன்களுக்கு அப்படித்தான் நின்றது. பிறகு கனடாவோடு எதில் கதைப்பது?

நான் இப்போது போயா லீவுக்கு விசுவமடு போகும்போது பகலில் இருந்து செய்கிறேன். முதலில் படங்களை மெமரி கார்டுக்கும் என் போனுக்கும் மாற்றுவேன். சார்ஜ் நிரம்பிய பிறகுதான் அப்டேட். அது முடியும்வரை பெரியம்மா பக்கத்தை விட்டு எழும்ப மாட்டார். போன் திறந்ததும் வாங்கி, முதலில் அந்தப் படம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.