இழப்பீடு சங்க உறுப்பினருக்கு மட்டும் உரியதன்று

"தொழிற்சங்கத்தில் சந்தா கட்டியவருக்கு மட்டுமே வேலையிட விபத்து இழப்பீடு, அதுவும் தவறு முதலாளியுடையது என்று நிரூபித்தால்தான்" என்று சிலர் சொல்வதுண்டு. இரண்டும் பிழை. 1884-இல் ஜெர்மனியிலும் 1897-இல் பிரிட்டனிலும் வந்த சட்டங்களின் சாரமே, யார் தவறு என்ற வழக்கை ஒதுக்கிவிட்டு, வேலையின்போது வேலை காரணமாகக் காயம் நேர்ந்ததா என்று பார்ப்பதுதான். தொழிலாளி வேண்டுமென்றே செய்த கடுமையான ஒழுங்கீனம் போன்ற விலக்குகள் உண்டு. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1925-ஆம் ஆண்டு உடன்படிக்கையும் (எண் 17) சங்க உறுப்பினராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கவில்லை. சில சங்கங்கள் தம் சொந்த நிதியிலிருந்து உறுப்பினர்களுக்குத் தனியே உதவித்தொகை தருவதுண்டு. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

சங்கத்தின் பயன் வேறிடத்தில் இருக்கிறது. இயந்திரத்தில் விரல் நசுங்கியவரின் விபத்தைப் பதிவேட்டில் "சிறு காயம், முதலுதவி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டால், ஆறு மாதம் கழித்து அந்த விரல் மடங்க மறுக்கும்போது, அதற்கு அன்றைய விபத்துதான் காரணம் என்று நிறுவுவது பெரும்பாடாகிவிடும். அன்றே உடன் நின்று, நேரத்தையும் காயத்தின் தன்மையையும் பார்த்தவர் பெயரையும் முழுமையாக எழுதவைப்பவரும், சமரசத் தாளில் அவசரக் கையெழுத்து வேண்டாம் என்று தடுப்பவரும் பெரும்பாலும் சங்க நிர்வாகிதான்.